அனுபவம் கேட்கிறார்கள்

பண்டமாரான், கிள்ளான்
9 மார்ச்

அன்புள்ள கணவருக்கு,

நானும் பிள்ளைகளும் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், பிரவின் இந்த மாதம் பள்ளியில் யாரோடும் சண்டை போடவில்லை. அதையே நலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் உங்களைப் பார்க்க அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன். உள்ளே போய்த் திரும்பி வந்த வார்டன், நீங்கள் யாரையும் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். பாவம், தானே ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கொண்டுவந்த முறுக்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மாளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் கடிதம். படித்துப் பார்த்த பிறகுதான் கைதிகளிடம் கொடுப்பார்களாம். தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி வரும்வரை அது மேசையில் கிடக்கும். கிடக்கட்டும். என்றைக்காவது உங்கள் கைக்கு வரும்தானே.

பள்ளி வேன் வேலை போய்விட்டது. முதலாளிக்கு உடம்பு முடியாமல் போய் வேனை விற்றுவிட்டார். கேன்டீனில் பாத்திரம் கழுவிப் பார்த்தேன், கை முழுக்கக் கொப்புளம். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை வண்டி ஓட்டுவது ஒன்றுதான். சமூக மண்டபத்தில் பெண்களுக்கு இலவச லோரி லைசன்ஸ் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, போய்ப் பெயரை அடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இந்த வீட்டுக்கு ஒரு லோரி செய்தது போதாதா என்று யாராவது கேட்பார்கள் என்று இருந்தேன். ஆனால் யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு நல்லம்மாள் அக்கா மட்டும், "போய் ஓட்டுலா, பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்" என்றார்.

இரண்டாவது தடவையில் பாஸ். முதல் தடவை பின்னால் எடுக்கும்போது கூம்பைத் தட்டிவிட்டேன்.

மகள் ராஜினியிடம் இதைச் சொன்ன அன்று அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே, "ஸ்கூல் பக்கம் மட்டும் லோரியில வராதம்மா" என்றாள். உங்களைப்போலவே அவளும் கோபத்தைப் பேசிக் காட்டமாட்டாள்.

லைசன்ஸ் கையில் வந்தால் வேலை வந்துவிடும் என்று நினைத்தேன். துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனி விடாமல் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். சீனத் தவுக்கே முதலாளியிடம் போனாலும் மலாய்க்கார மேனேஜரிடம் போனாலும் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெங்காலமான் அடா?" என்கிறார்கள். அனுபவம் இருக்கிறதா என்று. பள்ளி வேன் ஓட்டியிருக்கிறேன் என்றால் சிரிப்பு. ஓட்டவிட்டால்தானே அனுபவம் வரும், எங்கேயும் ஓட்டவிடாமல் அனுபவத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று ஓர் இடத்தில் கேட்டேவிட்டேன். அவர் நல்ல மனிதர். "அக்கா, அது எனக்கும் தெரியும். ஆனா இன்சூரன்ஸ்காரன் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். இன்னோர் இடத்தில் காவலாளி என்னை உள்ளேயே விடவில்லை. கூட்டிப் பெருக்கும் வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்.

ஒரு கம்பெனியில் மட்டும் எல்லாம் சரியாகப் போனது. ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். தலையாட்டினார்கள். அப்புறம் ஆபீஸில் இருந்த தமிழ்ப் பையன் மெதுவாக, "நீங்க சுகுமாறன் அண்ணன் வீடா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உங்கள் பெயரை நான் ஏன் மறைக்க வேண்டும்? அவன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது, "மனசு கஷ்டப்படாதீங்கக்கா, முதலாளி வேண்டாங்கிறாரு" என்றான்.

அன்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். உங்களால் அழுதேன் என்று நினைக்காதீர்கள். காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை.

ஆனால் இந்தக் கடிதத்தை அழுகையோடு முடிக்கப்போவதில்லை. வேலை கிடைத்துவிட்டது! நாகையா என்று ஒருவர், தெலுக் பங்லிமா காராங்கில் லோரி யார்டு வைத்திருக்கிறார். கேரி தீவு ஓரத்துச் சிறு தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை. லைசன்ஸைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. "எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் எனக்கு வேணாம். காலையில வரணும், சொன்ன எடத்துக்குப் போகணும், கேள்வி கேக்கக்கூடாது, அவ்ளோதான்" என்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை சேருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுவலிக்கு அங்கே தைலம் கொடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜெயமாலா


பண்டமாரான், கிள்ளான்
20 ஏப்ரல்

அன்புள்ள கணவருக்கு,

முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உங்களுக்குக் கிடைத்ததா என்றும் தெரியவில்லை. கிடைத்தது என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போனோம். பிரவினுக்குப் புதுச் சட்டை, ராஜினிக்குப் பாவாடை தாவணி. அவள் உங்கள் உயரம் வளர்ந்துவிட்டாள். படம் எடுத்தேன், இதோடு வைத்திருக்கிறேன். கொடுப்பார்களா என்று தெரியாது.

இப்போது லோரியைப் பற்றி. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. நல்லம்மாள் அக்காவிடம் சொன்னால் பயந்துவிடுவார், பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. லோரி தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. உயரத்தில் உட்கார்ந்து செம்பனைக் காட்டுக்குள் போகும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்புறம் பழம் கொட்டும் மாதம் வந்தது. பக்கப் பலகைக்கு மேலே இன்னொரு பலகையைக் கட்டி, அதற்கும் மேலே குலைகளைக் கோபுரமாகக் குவித்து, வலை போட்டு மூடிவிட்டு, போ என்றார்கள். இவ்வளவு ஏற்றலாமா என்று கேட்டேன். நாகையா சத்தம்கூடப் போடவில்லை. சிரித்தார். "இன்னைக்கு ஒருநாள் போயிட்டு வாங்க. வண்டி இதவிட ஜாஸ்தி தூக்கிருக்கு" என்றார். பின்னால் குலை வெட்டுகிறவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பழம் கிடந்தால் கெட்டுப்போகும். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

போனேன்.

தீவுப் பாலத்தில் ஏறும்போது லோரி மூச்சு வாங்கியது. இறங்கும்போது அதை நான் ஓட்டவில்லை, அதுதான் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. பிரேக்கை மிதித்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப் போயின. ஆலைக்குப் போய்ச் சேர்ந்தேன். எடை போட்டார்கள், கொட்டினார்கள், காலி வண்டியோடு திரும்பினேன். ஒன்றும் நடக்கவில்லை.

இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் நாகையா, "நேத்து நல்லாத்தானே போச்சு?" என்றார். அன்றும் போனேன். அதற்கு மறுநாளும். இப்போது அந்தப் பாலத்தில் இறங்கும்போது என் விரல்கள் மரத்துப் போவதில்லை. பழகிவிட்டது.

பந்திங் சாலையில் அந்தச் சந்திப்பைத் தினமும் கடந்து போகிறேன். நீங்கள் எந்தச் சந்திப்பு என்று கேட்கமாட்டீர்கள். அங்கே ஓர் அடையாளமும் இல்லை. புதுக் கோடு போட்டிருக்கிறார்கள். காலையில் வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் சிக்னலில் வரிசையாக நிற்கின்றன. அவர்களுடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும். அன்று உங்கள் லோரி மோதிச் செத்தவரும் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

தீர்ப்பு சொன்ன அன்று கோர்ட்டு வராந்தாவில், லோரியில் அவ்வளவு மணலை ஏற்றியபோது ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை திறக்கவில்லை. உங்களிடம் பதில் இல்லை, அதனால் பேசவில்லை என்று நினைத்தேன். பதில் இருந்திருக்கிறது. சொன்னால் எனக்கு விளங்கியிருக்காது.

கை வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ஜெயமாலா


பண்டமாரான், கிள்ளான்
14 ஜூன்

அன்புள்ள கணவருக்கு,

மே மாதம் எழுதவில்லை. நாள் முழுக்க நடந்ததையெல்லாம் இரவில் மறுபடி எழுத முடியவில்லை. இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அடி படவில்லை, என்னால் யாருக்கும் அடி படவில்லை. தைரியமாகப் படியுங்கள்.

அன்று காலையில் மழை பெய்து விட்டிருந்தது. வழக்கம்போல் கோபுரமாக ஏற்றிக்கொண்டு வந்தேன். சந்திப்பில் சிவப்பு விழுந்தது. மிதித்தேன். லோரி நிற்கவில்லை. மிதித்த காலின் மேல் இன்னொரு காலையும் வைத்து மிதித்தேன். முருகா முருகா என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். லோரி வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

ஓட்டி வந்தவள் ஒரு மலாய்ப் பெண். முன்னால் ஒரு சின்னப் பிள்ளை, அதன் தலைக்குப் பெரிய ஹெல்மெட். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். பிள்ளையின் கையையும் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

என்னங்க, அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

பச்சை விழுந்தது. அவள் போய்விட்டாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். எப்படியோ ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். இறங்கி, டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம்தான் ஒன்று தோன்றியது. பிரேக்குக்குக் காற்று குறைந்தால் உள்ளே பஸர் கத்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது கத்தவே இல்லையே? ஏறிப் பார்த்தேன். வயரை யாரோ வெட்டிவிட்டு, நுனியில் டேப் சுற்றி அழகாக மடித்து வைத்திருந்தார்கள்.

நாகையாவுக்குப் போன் செய்தேன். வண்டியை இனி நகர்த்தமாட்டேன் என்றேன். பிக்கப்பில் இன்னொரு டிரைவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று நடந்த பேச்சை உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன்.

"சாவியக் குடுங்க."

"மெக்கானிக் வரட்டும்ணே, குடுக்கிறேன்."

"எக்ஸ்பீரியன்ஸ் இல்லாத பொம்பளைக்கு வேல குடுத்தேன் பாரு, எனக்கு வேணும். பழம் கெட்டா யாரு பொறுப்பு?"

"ஆளு செத்தா யாரு பொறுப்பு?"

"அதான் டிரைவர் இருக்கான்ல" என்றார்.

கோபத்தில் வாய் தவறி வந்த வார்த்தைதான். ஆனால் வந்துவிட்டது. கூட வந்த டிரைவர் அதைக் கேட்டார். அவர் நாகையாவைப் பார்த்தார், பஸர் வயரை ஒரு தடவை பார்த்தார், பிறகு என் பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்துகொண்டு சிகரெட் பற்ற வைத்தார். உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். அவர் மட்டும் கையை நீட்டியிருந்தால் நான் சாவியைக் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் மெக்கானிக் வந்தார். காற்றுக் குழாயில் கசிவு. மாற்றினார். பாதிப் பழத்தை வேறு வண்டிக்கு மாற்றினார்கள். சாவியைக் கொடுத்தேன். நாளைக்கு வர வேண்டாம் என்றார் நாகையா. சரிங்கண்ணே என்றேன். பந்திங் சாலையில் பஸ்ஸுக்கு நின்றேன்.

லோரிகளைச் சோதிக்கிற அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். அந்த லோரி இப்போதும் ஓடுகிறதா, எவ்வளவு ஏற்றிக்கொண்டு ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. படுத்தால் அந்தப் பிள்ளையின் ஹெல்மெட் வருகிறது. இதற்கு மருந்து இருக்கிறதா?

ஒன்றை மட்டும் தெளிவாக எழுத வேண்டும். நீங்கள் செய்தது பரவாயில்லை என்று எழுதவில்லை. அந்த மனிதர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவருடைய மனைவி கோர்ட்டில் நம் பக்கம் திரும்பவே இல்லை, அது சரிதான். ஆனால் நான் நல்லவள், நீங்கள் கெட்டவர் என்ற வித்தியாசம் நமக்குள் இல்லை. எனக்கு வண்டி ஒரு கை தூரத்தில் நின்றது, உங்களுக்கு நிற்கவில்லை. நின்ற பிறகுதானே எனக்கு முடியாது என்று சொல்லத் தைரியம் வந்தது? அதற்கு முன் ஒரு மாதத்துக்கு மேல் நானும்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ராஜினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சமைத்துக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்கத் தேவையில்லாமல். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, "அப்பாவும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள். அப்புறம், "அப்ப ஏன் நம்மகிட்ட சொல்லல?" என்றாள். அதை நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

இனி புது வேலை. கிள்ளானில் ஒரு மளிகைச் சாமான் மொத்த வியாபாரக் கம்பெனி. மேலாளர் பெயர் ரமணி, ஐம்பது வயதிருக்கும், எதற்கும் சிரிக்காத ஆள். அதே கேள்வியைத்தான் கேட்டார். இந்தத் தடவை என்னிடம் பதில் இருந்தது, செம்பனை லோரி ஓட்டியிருக்கிறேன் என்றேன். ஏன் விட்டீர்கள் என்றார். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பஸர் வயர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன். பின்னால் தெரிந்து துரத்துவதைவிட இப்போதே துரத்தட்டும்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "எங்க வண்டியில ஏதாச்சும் கோளாறுன்னா, நடுரோட்ல நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். கிண்டலா நிஜமா என்று பிடிபடவில்லை. பண்ணுவேன் என்றேன். "நாளைக்கு ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

சின்ன லோரிதான். அரிசி மூட்டை, எண்ணெய், பருப்பு. இன்னும் சோதனைக் காலம், நிரந்தரம் செய்வார்களா என்று தெரியாது. உடன் வேலை செய்கிறவர்களில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்த பிறகுதான் ஏறுகிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எனக்குக் கொடுத்த வழி பிரிக்பீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் பின் சந்து வழியாகத்தான் சாமான் இறக்க வேண்டும். அந்தச் சந்துகள் உங்களுக்குத் தெரியும், கல்யாணம் ஆன புதிதில் நீங்கள் அங்கேதான் லோரியில் சமையல் கேஸ் தோம்புகளை இறக்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் யாராவது கார் வைத்திருப்பார்கள், நடுவில் பூனைகள். முன்னால் போய்விடுகிறேன். பின்னால் எடுக்கும்போதுதான் கை கால் ஓடவில்லை. சாக்கடைப் பக்கச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் எனக்குப் பிடிபடவில்லை. யாராவது குறுக்கே வந்துவிடுவார்களோ என்று பாதியிலேயே நிறுத்தி இறங்கிப் பார்க்கிறேன். பின்னால் வண்டிகள் நின்று ஹாரன் அடிக்கின்றன.

நீங்கள் ஒரே மூச்சில் எடுத்துவிடுவீர்கள் என்று உங்களோடு வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எந்தக் கண்ணாடியைப் பார்ப்பீர்கள்? முதலில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பீர்கள்? யாரைக் கேட்டாலும் சொல்லித் தருவார்கள்தான். நான் யாரையும் கேட்கவில்லை.

இரண்டு வரி போதும். எழுதி அனுப்புங்கள்.

முருகன் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள் மனைவி,
ஜெயமாலா